வாசலிலேயே தகராறு செய்யும் லைப்ரரி: பைடான்டிக்-செட்டிங்ஸுடன் இரண்டு வருடம்

"ஏனுங்க அம்மிணி, பில்லுல நம்ம போன் நம்பர் 274ல ஆரம்பிக்குதுங்களே, இது எந்த ஊரு கோடுங்க?"

கோவையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் காலையில் கூப்பிட்டுக் கேட்ட கேள்வி. நான் பைத்தானில் பில்லிங் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். கொங்குப் பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட மருந்துக்கடைகளில் ஒரே நிரல்தான் ஓடுகிறது. கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், போன், பிரிண்டர் 2 இன்ச்சா 3 இன்ச்சா, கடை திறக்கும் நேரம், டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்கிற சங்கதிகள் மட்டும் கடைக்குக் கடை மாறும். அவற்றை நிரலுக்கு வெளியே ஒரு கான்ஃபிக் ஃபைலில் வைத்திருந்தேன். அப்போது அது யாமல் ஃபைல், அமைப்புகளைச் சாதாரண எழுத்தில் எழுதிவைக்கும் ஒரு வடிவம்.

முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியானால் கோவையின் எஸ்டிடி கோடான 0422 என்பது 422 ஆக வேண்டும். 274 எங்கிருந்து வந்தது? மற்ற கடைகளின் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். திருப்பூர்க் கடையில் 0421க்குப் பதில் 273. ஈரோட்டில் 0424க்குப் பதில் 276. பொள்ளாச்சியில் மட்டும் 04259 சமர்த்தாக அப்படியே இருக்கிறது. ஒரு கடையில் சரியாக இருப்பதுதான் ஆளை அலைக்கழிக்கும். அரை நாள் போனது.

விஷயம் இதுதான். பைத்தானில் எல்லோரும் போட்டுக்கொள்ளும் பையாமல் லைப்ரரி யாமலின் 1.1 பதிப்பு விதிகளைப் பின்பற்றுகிறது. அந்த விதிப்படி பூஜ்யத்தில் தொடங்கி 0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டுமே உள்ள எண், எட்டடிமான எண், அதாவது பத்துக்குப் பதில் எட்டெட்டாக எண்ணுவது. நான்கு அறுபத்துநாலு, இரண்டு எட்டு, ஒரு இரண்டு: கூட்டினால் 274. பொள்ளாச்சிக் கோடில் 9 இருப்பதால் அது எட்டடிமானமாக இருக்க முடியாது, எனவே எண்ணாக மாறாமல், எழுதியபடியே இருக்கும் எழுத்துச் சரமாகத் தப்பித்துவிட்டது. மேற்கோள் குறி போட்டிருந்தால் எதுவுமே நடந்திருக்காது. போடாதது என் தப்பு.

அதே பில்லின் அடியில் இன்னொன்றும் இருந்தது. கடை நேரம்: 09:30 முதல் 1290 வரை. யாமல் 1.1க்கு 21:30 என்பது அறுபதடிமான எண்ணாம். 21 பெருக்கல் 60, கூட்டல் 30. காலை 09:30 பூஜ்யத்தில் தொடங்குவதால் அந்த விதியில் சிக்கவில்லை. இது எத்தனை வாரமாக அச்சாகிக்கொண்டிருந்ததோ தெரியாது. பில்லின் கடைசி வரியை யாரும் படிப்பதில்லை என்பது மட்டும் உறுதியானது.

அந்த வாரம்தான் பைடான்டிக்-செட்டிங்ஸுக்கு மாறினேன், நிரலின் அமைப்புகளைப் படித்துச் சரிபார்க்கும் ஒரு பைத்தான் லைப்ரரி. இரண்டு வருடம் ஆகிறது. நல்லதும் கெட்டதுமாகச் சொல்வதற்கு இப்போது போதுமான அளவு அடிபட்டிருக்கிறேன்.

அதற்கு முன் யாமலோடு மட்டும் வாழ்ந்தேன் என்றும் இல்லை. முதலில் வேலை பார்த்த இடத்தில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டே நிரலுக்குள் இருக்கும். மாற்ற வேண்டுமானால் புது ரிலீஸ். பிறகு ஐஎன்ஐ என்ற பழைய வடிவ ஃபைல். பைத்தானின் கான்ஃபிக்பார்ஸரில் சதவீதக் குறிக்குத் தனி அர்த்தம் உண்டு என்பது, பாஸ்வேர்டில் அந்தக் குறி வந்த அன்றுதான் தெரிந்தது. அடுத்துப் பார்த்த ஜேசன் வடிவத்தில் குறிப்பு எழுத இடமில்லை. "இதை மாற்றாதீர்கள்" என்று கடைக்காரருக்கு ஒரு வரி எழுத முடியாத ஃபைல் எனக்கு எதற்கு? அப்புறம் வரிக்கு ஒரு பெயரும் மதிப்பும் எழுதும் டாட்-என்வ் ஃபைல். அதில் எல்லாமே எழுத்துச் சரம். மாதிரி பில் அடிக்கும் முறை வேண்டாம் என்பதற்கு ஃபால்ஸ் (பொய்) என்று எழுதியிருந்தேன். காலியில்லாத எந்தச் சரமும் பைத்தானுக்கு உண்மைதான். ஃபால்ஸ் என்ற சொல்லும் சேர்த்தி. ஒரு கடையில் அன்று முழுக்க "மாதிரி பில்" என்ற தலைப்போடு அச்சானது. வாங்கிப் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்து கேட்டார்கள்.

சரி, பொருளுக்கு வருவோம். பைடான்டிக் 2017ல் சாமுவேல் கொல்வின் தொடங்கியது. தரவின் வகையைச் சரிபார்க்கும் லைப்ரரி. அதன் செட்டிங்ஸ் பகுதி முன்பு உள்ளேயே இருந்தது. 2023 ஜூனில் இரண்டாம் பதிப்பு வந்தபோது தனி பேக்கேஜாகப் பிரித்துவிட்டார்கள். தனியாக நிறுவ வேண்டும். இணையத்தில் இருக்கும் பழைய பாடங்களைப் பார்த்து எழுதினால் முதல் வரியிலேயே பிழை வரும். இலவசம்தான், எம்ஐடி உரிமம்.

வேலை செய்யும் விதம் எளிது. நிரலில் கிளாஸ் என்ற ஒரு வார்ப்பு எழுதி, எந்தெந்த அமைப்பு வேண்டும், அது என்ன வகை, இல்லாவிட்டால் என்ன மதிப்பு என்று சொல்லிவிட வேண்டும். நிரல் தொடங்கும்போது அது சூழல் மாறிகள் (மெஷினின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் வைக்கும் மதிப்புகள்), டாட்-என்வ் ஃபைல், இன்னும் நாம் காட்டும் ஃபைல்கள் எல்லாவற்றிலும் தேடி எடுத்து நிரப்பும். வகை பொருந்தாவிட்டால் நிரல் தொடங்காது. நான் பணம் கொடுத்து வாங்கியிருந்தால் இந்தக் குணத்துக்காகத்தான் வாங்கியிருப்பேன். காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கியதும் தகராறு செய்தால் சரிசெய்ய நேரமிருக்கிறது. மாலை ஏழு மணிக்குக் கவுண்டரில் பத்துப் பேர் நிற்கும்போது செய்தால் என் மானம் போகும்.

பிரிண்டர் அகலம் மில்லிமீட்டரில் 58 (2 இன்ச்) அல்லது 80 (3 இன்ச்) மட்டும்தான் என்று கிளாஸில் சொல்லியிருக்கிறேன். யாரோ "3 இன்ச்" என்று ஃபைலில் எழுதினார்கள், உடனே நின்றுவிட்டது. இன்னொரு நல்ல பழக்கம், முதல் பிழையோடு நிற்காமல் ஃபைலில் உள்ள எல்லாப் பிழைகளையும் சேர்த்துச் சொல்லும். ஒன்றைத் திருத்தி ஓட்டி, அடுத்ததைத் திருத்தி ஓட்டி என்கிற இழுபறி கிடையாது. செய்திகள் ஆங்கிலத்தில் வரும். ஆனால் பிழைப் பட்டியலைப் புலத்தின் (அமைப்பின்) பெயர், பிழையின் வகை என்று பிரித்தே தருவதால், அதைத் தமிழில் மாற்றிச் சொல்லும் துண்டு நிரல் ஒன்றை நூறு வரிக்குள் எழுதிவிட்டேன். "பிரிண்டர் அகலம் 58 அல்லது 80 என்று மட்டும் இருக்க வேண்டும்" என்று கடைத் திரையில் பெரிய எழுத்தில் வரும். கடைப்பையன்களே திருத்திக்கொள்கிறார்கள்.

பழைய யாமல் ஃபைலையே இதற்குள் ஊட்டிப் பார்த்தேன், ஆர்வக்கோளாறு. எஸ்டிடி கோடு எழுத்துச் சரம் என்று அறிவித்திருந்தேன். உள்ளே வந்ததோ 274 என்ற எண். இரண்டாம் பதிப்பில் எண்ணைத் தானாகச் சரமாக மாற்றுவதில்லை, "சரம் வேண்டும்" என்று மறுத்துவிட்டது. முதல் பதிப்பாக இருந்தால் சத்தமில்லாமல் மாற்றி உள்ளே விட்டிருக்கும். மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் கடை மூடும் நேரம்? நேரம் என்ற வகைக்கு எண் கொடுத்தால், நள்ளிரவிலிருந்து அத்தனை விநாடி என்று எடுத்துக்கொள்கிறது. 21:30 யாமலில் 1290 ஆகி, 1290 விநாடி பைடான்டிக்கில் நள்ளிரவு தாண்டி 21 நிமிடம் 30 விநாடி ஆகி, ஒரு பிழையும் இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஆக இந்தக் காவலாளிக்கும் ஒரு கண் கொஞ்சம் மங்கல்.

அதோடு யாமலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு டாமல் என்ற வேறொரு கான்ஃபிக் ஃபைல் வடிவத்துக்குப் போனேன். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் 2013ல் உருவாக்கியது, பைத்தான் 3.11லிருந்து படிக்கும் வசதி மொழியோடே வருகிறது. டாமலில் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போடவே கூடாது. 0422 என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் இத்தனையாவது வரி என்று சொல்லி நின்றுவிடும். ஊகம் செய்யாத ஃபைல் வடிவம் என்றால் எனக்கு இதுதான். குறை என்னவென்றால், பைத்தானோடு வருவது படிக்க மட்டும்தான், எழுதாது. கடை விவரத்தைத் திரையிலிருந்து மாற்றிச் சேமிக்க டாம்ல்கிட் என்ற வேறொரு லைப்ரரியைச் சேர்த்தேன். ஃபைலில் எழுதிய குறிப்புகளை அது அழிப்பதில்லை என்பது கூடுதல் நன்மை.

இங்கேதான் பைடான்டிக்-செட்டிங்ஸின் முதல் எரிச்சல். டாமல் ஃபைலின் பெயரை அமைப்பில் கொடுத்தால் படித்துவிடும் என்று யாரும் நினைப்பார்கள். படிக்காது. எந்தெந்த மூலத்திலிருந்து, எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்று தனியாக ஒரு மெத்தடை எழுதி, அதில் டாமல் மூலத்தையும் சேர்க்க வேண்டும். நான் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, ஃபைலில் என்ன மாற்றினாலும் மாறவில்லையே என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த பதிப்புகள் ஒரு எச்சரிக்கையாவது காட்டுகின்றன.

வரிசை என்றேன் அல்லவா, அது முக்கியம். நிரலில் நேராகக் கொடுத்த மதிப்புக்கு முதல் மரியாதை. அடுத்து சூழல் மாறி, அடுத்து டாட்-என்வ் ஃபைல், அதற்கடுத்து ரகசிய ஃபைல்கள் உள்ள ஃபோல்டர், கடைசியில் கிளாஸில் எழுதிய இயல்பு மதிப்பு. என் டாமலை இயல்பு மதிப்புக்கு ஒரு படி மேலே வைத்திருக்கிறேன். இரண்டு கவுண்டர் உள்ள கடையில் ஒன்றில் மட்டும் பிரிண்டர் வேறு என்றால், பொது ஃபைலைத் தொடாமல் அந்த மெஷினில் ஒரு சூழல் மாறி வைத்தால் போதும். வசதிதான். ஆனால் எவரோ என்றோ வைத்துவிட்டுப் போன சூழல் மாறி, ஃபைலில் நாம் செய்யும் எல்லாத் திருத்தத்தையும் மிதித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கும். எங்கள் டெக்னீஷியன் தம்பி ஒரு கடையில் இரண்டு மணி நேரம் ஃபைலைத் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த மெஷினுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்றான். எந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லும் நேரான வழி இந்த லைப்ரரியில் எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மூலத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒப்பிடும் ஒரு சின்னத் துண்டு நிரலை நானே எழுதிக்கொண்டேன். இது உள்ளேயே இருந்திருக்க வேண்டும்.

இப்போது பெரிய குறை. டாட்-என்வ் ஃபைல் இல்லாவிட்டால் இது ஒன்றும் சொல்லாது. வகை தப்பாக இருந்தால் வாசலில் தகராறு செய்கிற ஆள், ஃபைலே காணாமல் போனால் வாயைத் திறப்பதில்லை. பெயரை மட்டும் கொடுத்தால், நிரல் எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறதோ அங்கு மட்டும்தான் பார்க்கும். மேல் ஃபோல்டரில்கூடத் தேடாது. ஒரு கடையின் லினக்ஸ் சர்வரில் நிரலை, மெஷின் ஆனானதும் தானே ஓடும்படி சிஸ்டம்-டி சர்வீஸாகப் போட்டேன். என் கையால் ஓட்டியபோது எல்லாம் சரி. சர்வீஸாக ஓடும்போது, வேறு சொல்லாவிட்டால் அது எல்லாவற்றுக்கும் மேலான வேர் ஃபோல்டரில் நின்று ஓடும். அங்கே என் ஃபைல் இல்லை. டேட்டாபேஸ் முகவரிக்கு நான் இயல்பு மதிப்பாகச் சோதனைக்கான எஸ்கியூலைட் (ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸ்) ஃபைலை எழுதி வைத்திருந்தேன். நிரல் சிரித்த முகத்தோடு தொடங்கி, ஒன்றரை நாள் விற்பனையை அந்தச் சோதனை ஃபைலில் எழுதியது. கணக்குப் பார்க்கும் அம்மா, "நேத்து ஒரு பில்லும் போடலையா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. ராத்திரி உட்கார்ந்து பில்களை இடம் மாற்றினேன்.

ஆவணத்தில் இது எழுதித்தான் இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. அன்றிலிருந்து மூன்று பழக்கம். டேட்டாபேஸ், ஜிஎஸ்டி எண் மாதிரி உயிர்நாடியான எதற்கும் இயல்பு மதிப்பு கிடையாது. ஃபைலில் இல்லையென்றால் நிரல் நிற்கட்டும். ஃபைலின் முழுப் பாதையையும் கொடுத்துவிடுவது. கிளாஸை உருவாக்கும் முன் ஃபைல் இருக்கிறதா என்று நானே ஒரு வரியில் பார்ப்பது. மூன்றாவதை லைப்ரரி செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

டாட்-என்வ் ஃபைலில் கிளாஸில் அறிவிக்காத பெயர் இருந்தாலும் பிழை கொடுக்கும். பலருக்கு இது பிடிக்கவில்லை. ஒரே ஃபைலை டாக்கர் மாதிரி வேறு மென்பொருளுக்கும் பயன்படுத்துகிறவர்கள் அந்தக் கண்டிப்பைத் தளர்த்திவிடுகிறார்கள். நான் தளர்த்தவில்லை, எழுத்துப் பிழையைப் பிடிக்க இதைவிட நல்ல வலை இல்லை. இதனால் ஒருநாள் வேடிக்கையும் நடந்தது. ஒரு கடையில் பழைய விண்டோஸ் மெஷின். தம்பி நோட்பேடில் டாட்-என்வ் ஃபைலைத் திறந்து சேமித்தான். அடுத்து வந்த பிழை: ஷாப் நேம் இல்லை. அதற்குக் கீழேயே இன்னொன்று: ஷாப் நேம் அனுமதியில்லை. இல்லாத ஒன்று எப்படி அனுமதியில்லாமல் போகும்? பழைய நோட்பேட் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்கும்போது ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைக்கும். அது முதல் வரியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, பார்க்க ஒன்றுபோல இருக்கும் வேறு பெயராகிவிட்டது. என்கோடிங்கை அந்தக் குறியையும் விழுங்குகிற யுடிஎஃப்-8-சிக் என்று மாற்றியதும் தீர்ந்தது. கடைப் பெயர் தமிழில் இருப்பதால் நேர்ந்த கோளாறு என்று கடைக்காரர் பயந்துவிட்டார். தமிழுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தமிழ்ப் பெயர்கள் ஆரம்பத்திலிருந்தே அழகாகத்தான் வருகின்றன.

பட்டியல்கள் இன்னொரு முள். பேக்கப் அறிக்கை போக வேண்டிய மெயில் முகவரிகளைச் சூழல் மாறியில் கமா போட்டு எழுதினால் ஏற்காது. ஜேசன் வடிவில், சதுர அடைப்பும் மேற்கோளுமாக எழுத வேண்டும். டெக்னீஷியனுக்குப் போனில் "சதுர பிராக்கெட் போடு, உள்ளே டபுள் கோட் போடு" என்று சொல்லிப் பாருங்கள், பொறுமையின் எல்லை தெரியும். பட்டியலாக இருக்கிற எல்லாவற்றையும் டாமலுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

பாஸ்வேர்டுக்கு சீக்ரெட் ஸ்ட்ரிங் என்று ஒரு வகை உண்டு. அச்சிட்டால் நட்சத்திரங்கள் மட்டும் வரும். கடைக்காரர்கள் லாக் ஃபைலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிற ஊரில் இது பெரிய நிம்மதி. முழு நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள். வேறு ஏதோ ஒரு புலம் விடுபட்டுப் பிழை வரும்போது, உள்ளே வந்த மதிப்புகளின் தொகுப்பையும் பிழைச் செய்தியில் காட்டும். அப்போது அது இன்னும் மூடப்படாத பாஸ்வேர்டாகவே இருக்கும். பிழைச் செய்தியில் உள்ளீட்டைக் காட்டாதே என்று ஓர் அமைப்பு இருக்கிறது. முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

கான்ஃபிக் ஃபைலில் எதை வைக்கக் கூடாது என்பதை எனக்கு லைப்ரரி சொல்லித் தரவில்லை, ஜிஎஸ்டி சொல்லித் தந்தது. வரி விகிதங்களையும் டாமலில்தான் வைத்திருந்தேன். 2025 செப்டம்பர் 22ல் 12 சதவீத அடுக்கு போய், பெரும்பாலான மருந்துகள் 5 சதவீதத்துக்கு வந்தன. முந்தின நாள் இரவே ஃபைலை மாற்றி எல்லாக் கடைக்கும் அனுப்பிவிட்டுப் பெருமையாகத் தூங்கினேன். மறுநாள் ஒருவர் போன வாரம் வாங்கிய மாத்திரையைத் திருப்பிக் கொண்டுவந்தார். 12 சதவீதத்தில் போட்ட பில்லுக்கு நிரல் 5 சதவீதத்தில் பணம் திருப்பப் பார்த்தது. எந்த நாளிலிருந்து எந்த விகிதம் என்று தேதியோடு டேட்டாபேஸில் இருக்க வேண்டிய சரக்கு அது. இப்போது அங்கேதான் இருக்கிறது.

யாருக்கு வேண்டும் இந்த லைப்ரரி? நாலைந்து அமைப்பு உள்ள சின்ன ஸ்கிரிப்ட் என்றால் டாமலை நேராகப் படித்துக்கொள்ளுங்கள், இதை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே நிரல் பல இடங்களில், பல கைகளில் ஓடுகிறது என்றால் தயங்காமல் எடுங்கள். ஐந்துக்கு நாலு மார்க் கொடுப்பேன். பிடித்துக்கொண்ட அந்த ஒரு மார்க், காணாமல் போன ஃபைலைப் பற்றி வாய் திறக்காததற்கு.

போன வாரம் அந்த 274 அண்ணன் கூப்பிட்டார். கடையை இனி இரவு பத்து மணி வரை திறக்கிறாராம். அவரே ஃபைலைத் திறந்து 22:00 என்று போட்டிருக்கிறார். நான் வைத்திருக்கும் பைத்தான் பதிப்பில் டாமலுக்கு விநாடியும் வேண்டும். நிரல் தொடங்காமல், "7வது வரியைப் பாருங்கள்" என்று தமிழில் சொல்லியிருக்கிறது. மேல் வரியில் காலை நேரம் 09:30:00 என்று இருப்பதைப் பார்த்து அதே மாதிரி எழுதித் திறந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு: "அம்மிணி, இந்த 3 இன்ச் பேப்பர் ரோல் எங்கீங்க சல்லீசாக் கிடைக்கும்?"